சூரியன் எழாத ஊருக்குக் குடும்பத்தோடு ஒரு பயணம்

கோடையில் கொடைக்கானல் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். மார்கழிக் குளிரில் இன்னும் அதிகக் குளிரைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்ததுண்டா? நாங்கள் போனோம். 2019 டிசம்பரில், பெண்ணின் அரையாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு, பூமியின் வட கோடியில் சூரியனே எழாத ஊர்களுக்குக் காரில் போய் வந்தோம். போன இடத்தில் எது பார்த்தோம், எது பார்க்காமல் திரும்பினோம், எதனால் திரும்பினோம் என்பதைச் சகோதரிகளிடம் சொல்லவேண்டும் என்று நெடுநாள் ஆசை.

என் தம்பி பின்லாந்து நாட்டில் ஔலு என்ற நகரத்தில் வேலை பார்க்கிறான். அவனுக்கு அப்போது எட்டு மாதக் கைக்குழந்தை. "குழந்தையைப் பார்க்க வாக்கா, வந்தா நோர்வே வரைக்கும் கார்லயே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என் கணவருக்கோ, ஐரோப்பாவின் வடமுனை என்று சொல்லும் நோர்ட்காப் பாறையில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பல வருஷக் கனவு. அதற்கென்று தனியாகச் சேமித்தும் வைத்திருந்தார். விசா வாங்கினோம், புறப்பட்டோம். திருச்சியிலிருந்து அம்மா மட்டும் போனில், "ஏண்டி, கைக்குழந்தையையும் பொம்பளைப் பிள்ளையையும் வச்சுக்கிட்டு அந்தக் குளிர்ல ஊர் சுத்தணுமா?" என்று திட்டிக்கொண்டே இருந்தாள்.

பனியில் தூங்கும் குழந்தை

தம்பி வீட்டில் கால் வைத்த முதல் நாளே எனக்குப் பகீரென்றது. தம்பி மனைவி குழந்தைக்குப் பால் கொடுத்தாள், கம்பளி உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள், தள்ளுவண்டியில் படுக்க வைத்தாள். வண்டியை நேரே பால்கனியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்! வெளியே மைனஸ் ஏழு டிகிரி.

"என்னம்மா இது, குழந்தைக்கு ஜன்னி வந்துடாதா?" என்று பதறினேன்.

"இங்கே எல்லாக் குழந்தையும் இப்படித்தான் அண்ணி தூங்கும். மைனஸ் பத்து வரைக்கும் கவலையில்லைன்னு நர்ஸே சொல்லியிருக்காங்க" என்று சிரித்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போய்க் குழந்தையின் பிடரியில் கை வைத்துப் பார்த்தாள். பிடரி கதகதப்பாக இருந்தால் குழந்தைக்குக் குளிரவில்லை என்று அர்த்தமாம். குழந்தை இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கிற்று. நம் வீட்டுத் தூளியில்கூட அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை.

அந்த நாட்டில் பிள்ளை பெறப்போகும் தாய்மாருக்கு அரசாங்கமே ஒரு பெட்டி கொடுக்கிறது. 1938-ல் ஏழைத் தாய்மாருக்கென்று தொடங்கி, 1949 முதல் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். குழந்தையின் சட்டை, துணி, போர்வை, பனிக்கான உடுப்பு எல்லாம் அதில் இருக்கும். பெட்டியின் அடியில் சின்ன மெத்தையும் உண்டு. காலி செய்தால் அந்தப் பெட்டியே குழந்தைக்குத் தொட்டில்!

முதல் நாளே வேலை முடிந்துவிடும்

டிசம்பர் 26-ம் தேதி காலை, ஏழு பேர் உட்காரும் வாடகைக் காரில் ஆறு பேர் கிளம்பினோம். அதற்கு முந்தின நாள் தம்பியும் அவன் மனைவியும் செய்த ஏற்பாடுகளைப் பார்த்து, 'இதென்ன, கல்யாணத்துக்குச் சாமான் கட்டுகிற மாதிரி' என்று நினைத்தேன். மண்வாரி, இழுக்கும் கயிறு, ஆளுக்கொரு கம்பளி, டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி, இரண்டு நாளைக்குத் தாங்கும் சாப்பாடு, மூன்று பெரிய பிளாஸ்க். நான் என் பங்குக்குப் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, சப்பாத்தி, ஒரு பிளாஸ்க் நிறைய மிளகு ரசம் எடுத்துக்கொண்டேன். தேங்காயெண்ணெய் பாட்டிலும் எடுத்தேன். அது காருக்குப் போவதற்குள் கல்லாகிவிட்டது!

அங்கே காருக்கும் குளிருமாம். ராத்திரி கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக மின்சாரக் கம்பங்கள் இருக்கின்றன. நாம் போனை சார்ஜ் போடுகிற மாதிரி, காரிலிருந்து ஒரு வயரை எடுத்து அதில் சொருகுகிறார்கள். எஞ்சின் சூடாகவே இருக்கும், காலையில் தகராறு செய்யாமல் கிளம்பும். டயர்களில் பனியைக் கவ்விப் பிடிக்க ஆணி பதித்திருக்கிறார்கள்.

எங்களுக்கும் உடை பாடம் நடந்தது. உடம்பை ஒட்டிக் கம்பளிப் பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றுப் புகாத கோட்டு. பருத்தி மட்டும் கூடவே கூடாதாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிர வைத்துவிடும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கவேண்டும், இறுக்கினால் காலில் ரத்தம் ஓடாது. ஐந்து விரல் கையுறையைவிட, கட்டை விரல் மட்டும் தனியாக இருக்கும் கையுறை நல்லது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும்.

கிளம்பும் முன் தம்பி ஒரு சட்டம் போட்டான். "பனியில கார் மாட்டிக்கிட்டா யாரும் இறங்கி நடக்கக்கூடாது. காருக்குள்ளேயே இருக்கணும். எஞ்சின் ஓடுதுன்னா நான் மட்டும் இறங்கி, பின்னாடி புகைக்குழாயைப் பனி அடைக்காம பார்த்துப்பேன். அடைச்சா விஷ வாயு உள்ளே வந்துடும். அவசரம்னா 112-க்குப் போன் பண்ணணும்." என் கணவர் சிரித்தார். "மாப்பிள்ளை, நாம சுற்றுலா போறோமா, போருக்குப் போறோமா?"

இருட்டும் நீல வெளிச்சமும்

முதல் ராத்திரி ரோவனியேமியில் தங்கினோம். அதற்குச் சற்று வடக்கேதான் ஆர்க்டிக் வட்டக் கோடு. அங்கிருந்து இனாரி என்ற ஊருக்குச் சுமார் 330 கிலோமீட்டர். இருபக்கமும் பனி சுமந்த ஊசியிலைக் காடு, நடுவில் வெள்ளைச் சாலை. எதிரே ஒரு வண்டி வந்தால் அதிசயம். ஆனால் ரெயின்டீர் மான்கள் வந்துகொண்டே இருந்தன. நம் ஊர் மாடுகளைப்போல் நடுச்சாலையில் நின்று யோசிக்கின்றன. அவை காட்டு மான்கள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. காதில் வெட்டியிருக்கும் அடையாளத்தை வைத்து யாருடையது என்று சொல்வார்கள்.

இனாரியில் டிசம்பர் தொடக்கத்தில் மறைகிற சூரியன் ஜனவரியில்தான் மறுபடி தலை காட்டும். அதற்காக நாள் முழுக்கக் கும்மிருட்டு என்று எண்ணிவிடாதீர்கள். நடுப்பகலில் சில மணி நேரம், விடியற்காலை நம் வாசலில் கோலம் போடும்போது இருக்குமே, அப்படி ஒரு நீல வெளிச்சம். பிறகு அதுவும் மெல்ல வடிந்துவிடுகிறது.

அந்தப் பக்கத்துப் பூர்வ குடிகள் சாமி மக்கள். இனாரியில் அவர்களுடைய 'சீடா' என்ற அருங்காட்சியகத்தில் அரை நாள் இருந்தோம். குழந்தையைக் கதகதப்பாகக் கட்டி வைக்க மரத்தில் குடைந்த தொட்டில்கள் வைத்திருந்த இடத்தைவிட்டு என்னால் நகர முடியவில்லை. ஒரு விஷயம் கேளுங்கள். ஒரு சாமி மனிதரிடம் "உங்களிடம் எத்தனை மான்?" என்று கேட்கக்கூடாதாம். "உங்கள் பாங்கியில் எவ்வளவு பணம்?" என்று கேட்பதற்குச் சமம்!

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்பீர்கள். புளிக்காய்ச்சல் கை கொடுத்தது. கடைகளில் 'கர்யாலா' அப்பம் என்று ஒன்று விற்கிறார்கள். ரை மாவில் மெல்லிய தட்டு செய்து, நடுவில் பாலில் குழைய வெந்த அரிசிப் பொங்கலை வைத்துச் சுட்டது. பருப்புப்பொடி தூவிச் சாப்பிட்டோம். அமிர்தம்!

விரல்கள் வெளுத்தன

28-ம் தேதி நோர்வே எல்லையைத் தாண்டிக் கராஸ்யோக் என்ற ஊருக்கு வந்தோம். நோர்வேயின் மிகக் குறைந்த குளிர், மைனஸ் 51.4 டிகிரி, 1886 ஜனவரி 1-ல் இங்கேதான் பதிவாயிற்று. நாங்கள் போன அன்று காரிலிருந்த கணக்கு மைனஸ் 27. சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒரு வீடும் இல்லாத மேட்டுச் சமவெளியில் போய்க்கொண்டிருந்தபோது, "அக்கா, மேலே பாரு!" என்று கத்தினான் தம்பி.

வானத்தில் யாரோ பச்சைப் பட்டுப் புடவையை உதறிக் காயப்போட்ட மாதிரி இருந்தது. அது மடிந்தது, விரிந்தது, ஓரத்தில் சிவந்தது. சூரியனிலிருந்து கிளம்பும் துகள்கள், நூறு கிலோமீட்டர் உயரத்தில் நம் காற்றிலுள்ள ஆக்சிஜனில் மோதுவதால் அந்தப் பச்சை என்று தம்பி விளக்கினான். நான் எங்கே கேட்டேன்! காரை ஒதுக்குப்புறமாக நிறுத்தச் சொல்லி இறங்கினோம்.

இங்கேதான் என் தப்பு. போனில் படமெடுக்க என் பெண்ணுக்குத்தான் தெரியும். கையுறையோடு திரையைத் தொட்டால் வேலை செய்யாது. பதினோரு வயதுப் பெண், கையுறையைக் கழற்றிப் பையில் செருகிக்கொண்டு எடுத்தாள். "அந்த மரத்தையும் சேர்த்து எடு", "அப்பாவோட ஒண்ணு", "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். அவள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

காரில் ஏறியதும், "அம்மா, என் விரல் என்னோடது மாதிரியே இல்லை" என்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால், மூன்று விரல்களின் நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. தொட்டால் தெரியவில்லை என்கிறாள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நம் வீட்டில் கை சில்லிட்டால் என்ன செய்வோம்? பரபரவென்று தேய்ப்போம். நானும் தேய்க்கப் போனேன்.

"அண்ணி, தேய்க்காதீங்க!" என்று என் கையைப் பிடித்துவிட்டாள் தம்பி மனைவி. "உறைஞ்ச சதையைத் தேய்ச்சா உள்ளே காயமாயிடும். ஹீட்டர் பக்கமும் காட்டாதீங்க. மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாது, வெந்துடும்." என் பெண்ணின் கோட்டைத் திறந்து, அவளுடைய விரல்களை அவளுடைய அக்குளிலேயே வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னாள். பிளாஸ்கிலிருந்த ரசத்தை நான் வாயில் ஊட்டினேன்.

"நீ கூடவே நின்னியே, பார்த்துக்க மாட்டியா?" என்று என் கணவர் என்மேல் பாய்ந்தார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

ஏழெட்டு நிமிஷம் போயிற்று. திடீரென்று பெண், "அம்மா எரியுதும்மா, ஊசி குத்துதும்மா" என்று வீறிட்டு அழ ஆரம்பித்தாள். "அழட்டும் அண்ணி, உணர்ச்சி திரும்புது" என்றாள் தம்பி மனைவி. பிள்ளை அழுததற்காக ஒரு தாய் சந்தோஷப்பட்டது உண்டா? அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். விரல் முதலில் சிவந்து, பிறகு நிறம் திரும்பியது. கொப்புளம் இல்லை. கொப்புளமோ கறுப்போ வந்திருந்தாலும், அரை மணியில் உணர்ச்சி திரும்பாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கவேண்டும்.

ஏன் வலிக்கவில்லை என்று பிறகு கேட்டேன். வீட்டில் வருமானம் குறைந்தால் முதலில் எதைக் குறைப்போம்? சினிமா, புதுத் துணி. அரிசி பருப்பில் கை வைக்கமாட்டோம். உடம்பும் அப்படித்தானாம். குளிர் தாங்காதபோது இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற, விரலுக்கும் மூக்குக்கும் காதுக்கும் போகிற ரத்தத்தை முதலில் குறைத்துவிடுகிறது. அங்கே உணர்ச்சியும் போய்விடுகிறது. குழந்தை 'வலிக்கிறது' என்று சொல்வதை நிறுத்தினால்தான் தாய் பயப்படவேண்டும்.

பாதையை மூடிவிட்டார்கள்

மறுநாள் கடலோரத்துக்கு வந்தோம். மாகெரோயா தீவுக்குப் போகக் கடலுக்கு அடியில் ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை, 1999-ல் திறந்தது. கடல் மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே இறங்கி ஏறுகிறது. அந்தப் பக்கம் ஹோன்னிங்ஸ்வோக் என்ற மீனவர் ஊர். துறைமுகத்தில் தண்ணீர் உறையவேயில்லை! தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம்தான் காரணமாம். குளிரும் மைனஸ் ஆறுதான். "அட, இவ்வளவுதானா" என்று கதவைத் திறந்தேன். காற்று என்னைக் காரோடு வைத்து அறைந்தது. சூடான காபியை ஊதி ஊதி ஆற்றுவோம் இல்லையா? காற்று நம் உடம்பையும் அப்படித்தான் ஆற்றுகிறது. மைனஸ் 27-ல் சும்மா நின்றதைவிட அந்தக் காற்று மோசமாக இருந்தது.

அங்கிருந்து நோர்ட்காப் 30 கிலோமீட்டர் சொச்சம். குளிர்காலத்தில் கடைசி 13 கிலோமீட்டர் யாரும் தனியாகப் போகமுடியாது. பாதையைத் தடுப்புப் போட்டு மூடிவிடுவார்கள். குறிப்பிட்ட நேரத்தில் பனி வாரும் வண்டி முன்னே போக, கார்கள் வரிசையாகப் பின்னால் போகவேண்டும். நாங்கள் தடுப்புக்கு முன்னால் காத்திருந்தோம். எங்களுக்கு முன் மூன்று கார்கள். மினுக்கும் மேல்சட்டை போட்ட ஒருவர் வந்தார். "காற்று அதிகம். இன்று வண்டி போகாது" என்றார். முன்னாலிருந்த மூன்று கார்களும், ஏன் என்ன என்று கேட்காமல் திரும்பிப் போய்விட்டன.

என் கணவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "எவ்வளவு தூரம், எவ்வளவு செலவு! இன்னும் பதிமூணு கிலோமீட்டர்! நான் இறங்கிப் பேசிப் பார்க்கிறேன்" என்று கதவில் கை வைத்தார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தார். பெண் விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். "திருப்புங்க மாப்பிள்ளை" என்றார். இருபது வருஷக் குடித்தனத்தில் நான் அவரை மிகவும் மதித்த நிமிஷம் அது.

வாங்கோ, தேத்தண்ணி குடிக்கலாம்

அன்று ராத்திரி ஹோன்னிங்ஸ்வோக்கில் தங்கினோம். பால் வாங்கக் கடைக்குப் போனபோது, நாங்கள் பேசியதைக் கேட்டு ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் தமிழோ?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாழ்ப்பாணத்துக்காரர்! 1980-களில் போரினால் ஊரைவிட்டு வந்த ஈழத் தமிழர்கள் பலர், இந்த வட கோடி ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இவரும் அப்படி வந்து முப்பது வருஷமாகிவிட்டது. "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று வீட்டுக்கே அழைத்துப்போய்விட்டார். வாசலில் செருப்பு, சுவரில் முருகன், அடுப்பில் கறித்தூள் வாசனை. ஜன்னல்தோறும் ஒரு விளக்கு. தெரு முழுக்கவே அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

"இரண்டு மாதம் சூரியன் இல்லாமல் எப்படியம்மா பிள்ளை வளர்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

"முதல் வருசம் நான் விடியுது இல்லை எண்டு அழுதனான். பிறகு பிள்ளைக்குப் பால் குடுக்கிற நேரம், குளிக்க வாக்கிற நேரம், படுக்கிற நேரம் எல்லாம் மணிக்கூட்டைப் பார்த்துச் செய்யத் தொடங்கினன். மத்தியானம் அந்த நீல வெளிச்சத்தில எப்பிடியும் வெளியில கூட்டிக்கொண்டு போவன். பிறகு இருட்டுப் பெரிசாத் தெரியேல்லை" என்றார்.

அந்த ஊர்க் குழந்தைகளுக்குத் தினமும் ஒரு கரண்டி மீனெண்ணெய் கொடுக்கிறார்கள். வெயிலில் நம் தோல் தானே தயாரிக்கும் வைட்டமின் டி அங்கே கிடைக்காதல்லவா? மாதத்தின் பெயரில் 'ர்' சத்தம் வந்தால் மீனெண்ணெய் உண்டு என்பது நோர்வேத் தாய்மார் கணக்கு. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எண்ணிப் பாருங்கள், சரியாக வரும்.

அவர் வீட்டிலிருந்து வரும் வழியில் வெள்ளை மாதா கோயில் ஒன்றைக் காட்டினார். 1885-ல் கட்டியது. 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரையே எரித்தபோது மிஞ்சிய ஒரே கட்டடம். திரும்பி வந்த குடும்பங்கள், வீடு கட்டி முடிகிற வரை அதற்குள்ளேதான் வாழ்ந்தார்களாம். அந்தப் பனியில், கைக்குழந்தைகளோடு! அந்தத் தாய்மாரை நினைத்துச் சற்று நின்றேன்.

மறுநாளும் காற்று குறையவில்லை. நோர்ட்காப் பார்க்காமலே திரும்பினோம்.

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

நீங்கள் காஷ்மீரோ மணாலியோ போனாலும் இவை உதவும்:

* குழந்தைக்கு உடம்பை ஒட்டிப் பருத்தி போடாமல் கம்பளி போடுங்கள். வியர்த்தால் உடனே மாற்றுங்கள்.

* கையுறை, காலுறை இரண்டு ஜோடி கூடுதலாக வையுங்கள். கையுறையை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டால் தொலையாது.

* பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஒருவர் மூக்கு, கன்னம், காதை மற்றவர் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே உள்ளே போய்விடுங்கள்.

* வெளுத்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பனியால் ஒத்தாதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். உடம்புச் சூடே போதும். உணர்ச்சி திரும்பாவிட்டால் டாக்டர்தான்.

* மீனெண்ணெய் பற்றிப் படித்துவிட்டு நீங்களாக வாங்கிக் கொடுக்கவேண்டாம். டாக்டரைக் கேளுங்கள். நமக்குத்தான் வெயில் தாராளமாக இருக்கிறதே!

அந்த ஊர்க்காரர்கள் ரொம்பத் தைரியசாலிகள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர்கள் பயப்படவேண்டியதற்குப் பயப்படுகிறவர்கள். முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறார்கள், முடியாது என்றால் மனம் கோணாமல் திரும்புகிறார்கள். திரும்புவதை அங்கே யாரும் தோல்வியாக நினைப்பதில்லை.

வானத்துப் பச்சை வெளிச்சத்தில் நான் நிற்கிற அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. ஊருக்கு வந்ததும் அம்மா பேத்தியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. தேங்காயெண்ணெயை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, மெதுவாகத் தடவிவிட்டாள்.